செக்கப் நாளுக்கு மட்டும் நல்ல பிள்ளை: சுகர், பிபி வைத்தியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாளைக் காலை ரத்தம் கொடுக்க வேண்டும் என்றால் நம் வீடுகளில் இரண்டு நாள் முன்பே பத்தியம் தொடங்கிவிடும். ராத்திரி சோறு கிடையாது, காபியில் சர்க்கரை கிடையாது, சாயங்காலம் பஜ்ஜி கிடையாது. ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 110 என்று வந்தால் ஒரே சந்தோஷம். டாக்டரும் அதைப் பார்த்துவிட்டு, பழைய மாத்திரையையே தொடரச் சொல்வார். மாதத்தின் மற்ற நாட்களில் அந்த ஆள் எப்படிச் சாப்பிட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

சுகர், பிபி வைத்தியத்தில் நடக்கிற பாதித் தவறுகள், பரிசோதனையைப் பரீட்சை மாதிரி நினைத்து பாஸ் செய்யப் பார்ப்பதால் வருபவை. டாக்டர் பார்க்க விரும்புவது உங்களுடைய வழக்கமான நாளை. அதை மறைத்தால், அவர் எழுதும் மருந்து வேறு யாருக்கோ எழுதியதாகிவிடும்.

இந்த இரண்டு நாள் பத்தியத்துக்கு ஏமாறாத பரிசோதனை ஹெச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு 7 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வயது முதிர்ந்தவர்களுக்கும், சர்க்கரை அடிக்கடி இறங்கிப்போகிறவர்களுக்கும் டாக்டரே கொஞ்சம் தளர்த்துவார். ரத்தசோகை இருந்தால் இந்த எண்ணும் தப்பாகக் காட்டலாம் என்பதால், ஹீமோகுளோபின் குறைவு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, பரிசோதனை நாளில் மாத்திரையை என்ன செய்வது என்ற குழப்பம். "மாத்திரை போட்டால் உண்மையான சுகர் தெரியாதே" என்று சாப்பிட்ட பின் எடுக்கும் டெஸ்டுக்கு மாத்திரை போடாமல் போகிறவர்கள் ஏராளம். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவருக்கு, அந்த மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் டெஸ்ட். வழக்கமான மாத்திரை, வழக்கமான காலை உணவு, சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். ஆனால் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து முடிக்கும்வரை சுகர் மாத்திரையைத் தள்ளிவையுங்கள். கிளைமிபிரைடு போன்றவற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் லேப் வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

பிபி மாத்திரையின் கதை வேறு. டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், வெறும் வயிறு என்றாலும் அதைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். அன்று போடாமல் போய், பிபி 170 காட்டி, தேவையே இல்லாமல் இரண்டாவது மாத்திரை சேர்ந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. வெயிலில் நடந்து, படியேறி, டீ குடித்துவிட்டு வந்த உடனே கையை நீட்டினாலும் இதே கதைதான். டீ, காபி, புகையிலை எல்லாம் அரை மணி நேரம் முன்பே நிறுத்திவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு, சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். பருத்த கைக்கு பிபி கருவியின் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். கூட்டமான ஓபியில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால், நியாயம்தான். இந்தத் தவறில் நோயாளியைவிட ஆஸ்பத்திரிக்காரர்களான எங்கள் பக்கத்துப் பங்கு அதிகம்.

"நார்மல் ஆயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்பதைக் கேட்காத டாக்டர் இருக்க முடியாது. நார்மல் ஆனது மாத்திரையால்தான். அதிலும் அட்டெனலால் போன்ற பிபி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சுவலியும் வரலாம்.

நிறுத்துவதற்குச் சொல்லும் இன்னொரு காரணம், "இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுத்துடும்". கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினுக்குப் பயப்படுகிற அதே ஆள் முட்டிவலிக்கு மெடிக்கலில் சீட்டே இல்லாமல் டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் போடுவார். சிறுநீரகத்துக்கு நிஜமாகவே ஆகாதது அந்த வலி மாத்திரை. பிபியையும் அது ஏற்றும்.

பக்கவிளைவை வேறு டாக்டரிடம் கொண்டுபோவதும் சிக்கல்தான். எனாலாப்ரில் என்ற பிபி மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அது தெரியாமல் வேறு கிளினிக்கில் இருமல் டானிக் வாங்கிக் குடிப்பார்கள். இன்னொரு பிபி மாத்திரையான ஆம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அதற்கு நீர் மாத்திரை ஒன்று சேரும். மருந்து எழுதிய டாக்டரிடமே சொல்லியிருந்தால் மாத்திரையை மாற்றியிருப்பார்.

உணவில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: சோற்றை விட்டு நான்கு சப்பாத்தி சாப்பிடுவதாலோ, கேழ்வரகுக் கூழை வயிறு நிறையக் குடிப்பதாலோ சர்க்கரை இறங்காது. அளவைக் குறைக்க வேண்டும்.

மாஸ்டர் செக்கப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, தேவையான பரிசோதனையை விட்டுவிடுவது படித்தவர்கள் செய்யும் தவறு. அறிகுறியே இல்லாதவருக்குப் புற்றுநோய்க் குறியீட்டு ரத்தப் பரிசோதனைகளை மொத்தமாக எடுப்பதில் என்னைக் கேட்டால் பயம்தான் மிச்சம். சுகர்காரருக்கு வருடம் ஒருமுறை கட்டாயம் வேண்டியவை விழித்திரைப் பரிசோதனை, பாத உணர்ச்சிப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் சிறுநீர் ஆல்புமின் (புரதம்), ரத்தக் கிரியேட்டினின். விழித்திரை பாதிப்பு ஆரம்பத்தில் பார்வையைத் துளியும் குறைக்காது. பார்வை மங்கியபின் போனால் தாமதம். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் பி12 வைட்டமின் அளவையும் பார்த்துக்கொள்ளலாம். காலில் எரிச்சலுக்கு அதன் குறைவும் காரணமாக இருக்கலாம்.

நோயே இல்லை என்று நினைப்பவர்களுக்கும் கொஞ்சம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்–இன்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். 30 வயது தாண்டியவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பெண்கள் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் செய்துகொள்ளலாம். கர்ப்பத்தில் சுகர் வந்து, பிரசவத்தோடு போய்விட்டது என்று மறந்துவிடும் பெண்கள்தான் இதில் அதிகம் தவறவிடப்படுபவர்கள். பின்னாளில் அது திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் வருடக்கணக்கில் டாக்டர் முகத்தையே பார்க்காமல், மகனோ மருமகளோ வாங்கிவரும் மாத்திரையிலேயே ஓட்டுகிறவர்களும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நோயாளியே நேரில் போக வேண்டும். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், முட்டிவலிக்கு வாங்கியதையும் சேர்த்து, பையில் போட்டு எடுத்துப் போங்கள்.