நீண்ட ட்ரைக் பயணத்தில் முதுகும் கழுத்தும் வலிக்கிறதா? படிப்படியாகச் சரிசெய்வது எப்படி

ட்ரைக் எனப்படும் மூன்று சக்கர மோட்டார்சைக்கிள் வாங்கும்போது பலருக்கும் இருக்கும் நினைப்பு ஒன்றுதான்: இனி வண்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டாம், நின்றால் கால் ஊன்ற வேண்டாம், உடம்புக்கு ஓய்வு. ஆனால் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டியதும் பிடரி இறுகுகிறது, தோள்பட்டைகளுக்கு நடுவே எரிகிறது, இடுப்பு கனக்கிறது. உடனே எல்லோரும் புது சீட் தேட ஆரம்பிக்கிறார்கள். சீட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். ட்ரைக்கில் வலி பெரும்பாலும் கைகளில்தான் தொடங்குகிறது.

காரணம் எளிது. இரு சக்கர பைக் வளைவில் சாய்கிறது. அதோடு சேர்ந்து நாமும் சாய்வதால் நம் எடை சீட்டின் மீதே நேராக அழுந்துகிறது. பெரும்பாலான ட்ரைக்குகள் சாய்வதில்லை. வளைவு ஒவ்வொன்றிலும் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். வளைவில் திரும்பும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர் மாதிரி நாமும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறோம். அந்த இழுப்பு முன்கையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து கழுத்துக்கும் ஏறுகிறது. யமஹா நைக்கன், பியாஜியோ எம்பி3 போன்ற சாயும் மூன்று சக்கர வண்டிகள் தனி ரகம். இங்கே சொல்வது சாயாத ட்ரைக்குகளுக்கு.

படி 1: வலி எங்கே, எப்போது என்று பாருங்கள்

அடுத்த பயணத்தில் எதையும் மாற்றாதீர்கள். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் எங்கே வலிக்கிறது, கிளம்பி எவ்வளவு நேரத்தில் தொடங்கியது, வளைவுப் பாதையிலா நேர்ச்சாலையிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே என்றால் ஹேண்டில்பார் தூரமாக இருக்கலாம். பிடரி என்றால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள். கீழ்முதுகும் வால் எலும்பும் என்றால் உட்காரும் விதமும் கால் வைக்கும் இடமும். ஒரே பக்கம் மட்டும் வலித்தால் அதற்குத் தனிக் காரணம் உண்டு, ஆறாம் படியில் வருகிறது.

அதன்பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

படி 2: பிடியைத் தளர்த்துங்கள், வளைவைக் காலால் தாங்குங்கள்

காசு செலவில்லாத படி, அதிகப் பலன் தரும் படியும் இதுதான். பைக்கிலிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் குழப்பமாகவும் இருக்கும். பைக்கில் இடப்பக்கம் திரும்ப, இடக்கைப் பிடியை முன்னே தள்ளிப் பழகியிருப்போம். ட்ரைக்கில் அது தலைகீழ்: சைக்கிள் ரிக்‌ஷா மாதிரி ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும். பழைய பழக்கமும் புதிய தேவையும் மோதும்போது இரண்டு கையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. புதிதாக ஓட்டுகிறவர்களின் தோள் வலியில் பாதி இந்த மல்லுக்கட்டுதான் என்பது என் அனுமானம்.

வாகனம் இல்லாத அகலமான இடத்தில் மெதுவான வேகத்தில் பழகுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போய் பிரேக் தேட வேண்டாம். உள்பக்கக் கையால் மட்டும் இழுக்காமல், வெளிப்பக்கக் கையாலும் தள்ளுங்கள். அதே நேரத்தில் வெளிப்பக்கக் காலை ஃபுட்போர்டில் அழுத்தி ஊன்றி, மேலுடம்பைச் சற்று வளைவின் உள்பக்கம் சாயுங்கள். உடம்பு வெளியே போகாமல் நிறுத்தும் வேலையைக் கால் ஏற்றுக்கொண்டால், கைக்குத் திருப்பும் வேலை மட்டும்தான் மிச்சம். பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும்.

நேர்ச்சாலையில் அவ்வப்போது விரல்களைப் பியானோ வாசிப்பது போல அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியவில்லை என்றால் பிடி இறுகிவிட்டது. மூச்சை வெளியே விட்டு, தோள்களைக் காதிலிருந்து கீழே இறக்குங்கள்.

படி 3: இடுப்பிலிருந்து உட்காருங்கள்

சீட்டில் பின்னால் முழுதும் தள்ளி உட்காருங்கள். இடுப்பெலும்பு பின்னோக்கிச் சரிந்தால் கீழ்முதுகு கூன் போடும். அதை ஈடுகட்டக் கழுத்து முன்னே நீளும். முன்னால் தள்ளி அமைத்த ஃபுட்பெக்குகளில் (கால் வைக்கும் கம்பிகளில்) காலை நீட்டி ஓட்டுவது பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் எடை முழுதும் வால் எலும்பில் இறங்கும். மேட்டுப்பள்ளத்தில் காலால் கொஞ்சம்கூட எழும்ப முடியாது. முட்டி நன்றாக மடங்கி, பாதம் முட்டிக்குச் சற்று முன்னால் இருக்கும் நிலைதான் நீண்ட தூரத்துக்கு நல்லது.

ட்ரைக்கில் ஒரு வசதி உண்டு. நிற்கும்போது கால் தரையில் எட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் சீட்டைக் கொஞ்சம் உயர்த்தி முட்டியின் மடிப்பைத் தளர்த்தலாம். ஆனால் ஓடும் ட்ரைக்கில் ஒருபோதும் காலைக் கீழே விடாதீர்கள். பின்னால் இரு சக்கரம் உள்ள வண்டியில் அகலமான பின்சக்கரம் பாதத்தின் மேல் ஏறிவிடும். பைக் ஓட்டிப் பழகிய கால் தானாகவே இறங்கப் பார்க்கும், கவனம்.

பேக்ரெஸ்ட் இருந்தால், ஓட்டும்போது போடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே சரிசெய்யுங்கள். பெல்ட்டுக்குச் சற்று மேலே, கீழ்முதுகின் உட்குழிவில் அது தொட வேண்டும். தோளை முன்னே தள்ளக் கூடாது. வாங்குவதற்கு முன் சோதிக்க வேண்டுமானால், சிறு துண்டைச் சுருட்டி, நழுவாதபடி கட்டி, அந்த இடத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். நிம்மதியாக இருந்தால் உங்களுக்குத் தேவை முதுகுத் தாங்கல், புது சீட் அல்ல.

அப்புறம் பின்பாக்கெட் பர்ஸ். எடுத்துவிடுங்கள். முதுகுப்பையும் வேண்டாம், பெட்டி வைக்க ட்ரைக்கில் இடமா இல்லை?

படி 4: ஹேண்டில்பார் உங்களிடம் வர வேண்டும்

வண்டியை நிறுத்தி, முதுகு சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடுங்கள். கைகளைத் தொங்கவிட்டு, பிறகு முழங்கையைச் சற்று மடக்கி இயல்பாக முன்னே உயர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். அடுத்து ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதும் திருப்புங்கள். வெளிப்பக்கக் கை எட்டுவதற்காக முதுகு பேக்ரெஸ்டை விட்டு எழும்பினால், பார் தூரமாக இருக்கிறது.

பாரை அதன் பிடிப்பானில் சில மில்லிமீட்டர் பின்னால் சுழற்றினாலே சிலருக்குப் போதும். போதாவிட்டால் உயர்த்தவும் பின்னிழுக்கவும் உதவும் ரைசர்கள் உண்டு. அவற்றைப் பொருத்தும்போது கேபிள்களும் பிரேக் குழாயும் இரு பக்க முழுத் திருப்பத்திலும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். பாரைத் திருப்பும்போது இன்ஜின் வேகம் தானாக ஏறினால் வண்டியை எடுக்கவே கூடாது.

பைக்கை ட்ரைக்காக மாற்றியிருந்தால், முன் ஃபோர்க்கின் கோணத்தை மாற்றும் ரேக் கிட் திருப்புவதற்கான பலத்தை நன்றாகக் குறைக்கும். செலவான வேலைதான். ஆலையிலேயே மூன்று சக்கர வண்டியாக வரும் கேன்-ஆம் ஸ்பைடரில் பவர் ஸ்டியரிங் இருக்கிறது, அங்கே இந்தப் பேச்சு தேவையில்லை.

படி 5: தலையைக் காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

தலை சுமார் 5 கிலோ. முழுமுக ஹெல்மெட் ஏறத்தாழ ஒன்றரை கிலோ. இந்த எடையை நேராகத் தாங்குவதில் கழுத்துக்குச் சிரமமில்லை. விண்ட்ஷீல்டின் விளிம்பில் சிதறும் காற்று ஹெல்மெட்டை இடைவிடாமல் தட்டும்போதுதான் பிரச்சினை. ஒவ்வொரு தட்டலுக்கும் கழுத்துத் தசை பதில் தள்ளு தள்ளுகிறது, மணிக்கணக்கில்.

நேரான, போக்குவரத்து குறைந்த சாலையில் ஒரு சோதனை. வழக்கமான வேகத்தில் போகும்போது சில விநாடி தலையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். அதிர்வு நின்றால் ஷீல்டு உங்களுக்குக் குட்டை. அடுத்து நிமிர்ந்து உயரமாக உட்காருங்கள். இப்போதுதான் அமைதி என்றால், விசித்திரமாகத் தோன்றினாலும், உயரம் குறைந்த ஷீல்டு உங்களுக்கு நல்லது. தலைக்குச் சீரான காற்று கிடைக்கும். பொதுவாக ஷீல்டின் மேல்விளிம்பு மூக்கு மட்டத்தில் இருந்து, அதற்கு மேலாகச் சாலை தெரிந்தால் சரி. மழையிலும் இரவிலும் ஷீல்டு வழியாகப் பார்ப்பது ஆபத்து.

உயரத்தை மாற்றாமலே சாய்வுக் கோணத்தை மாற்றிப் பார்க்கலாம். ஷீல்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் தலை முன்னே இழுபடுவது போல இருந்தால், ஷீல்டிலுள்ள காற்றுத் துவாரத்தைத் திறந்துவிடுங்கள். ஹெல்மெட்டில் வெயில் மறைக்கும் நீண்ட முனை இருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் நெடுஞ்சாலை வேகத்தில் 100 டெசிபலைத் தாண்டக்கூடும். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் காதடைப்பான் போட்டால் களைப்பு குறையும், உடம்பும் இறுகாது.

படி 6: சக்கரமும் சாலைச் சரிவும்

பைக் பள்ளத்தை விலக்கிப் போகும். ட்ரைக்கின் மூன்று சக்கரத்தில் ஏதாவது ஒன்று அதில் இறங்கியே தீரும், இடுப்பு பக்கவாட்டில் ஆடும். டயர் அழுத்தத்தை வண்டி குளிர்ந்திருக்கும்போது, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு வையுங்கள். அதிகமாக அடித்தால் ஒவ்வொரு கல்லும் முதுகுக்கு வரும். சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கும் சுமைக்கும் ஏற்ப அமையுங்கள்.

ஒரு பக்க வலிக்கு வருவோம். மழைநீர் வடிய, சாலைகளை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடுகிறார்கள். சாயாத வண்டி அந்தச் சரிவோடு சரிந்தே ஓடும். தலையை நேராக வைக்க முதுகெலும்பு நாள் முழுதும் லேசாக வளைந்திருக்கும்; ஹேண்டில்பாரும் ஓரத்துக்கு இழுக்கும். பாதுகாப்பும் விதியும் இடம் தருமானால் உங்கள் தடத்தில் சரிவு குறைந்த பகுதியில் ஓட்டுங்கள். இரு பக்கப் பெட்டிகளிலும் எடை சமமாக இருக்கட்டும்.

படி 7: வலி வருமுன் இறங்குங்கள்

45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். வலித்த பிறகு இறங்கினால் அடுத்த கட்டத்திலும் அது கூடவே வரும். இடைவேளையில் இவை போதும்:

- இடுப்பில் கை வைத்து, மெதுவாகப் பின்னால் வளைவது, ஐந்தாறு முறை.
- முகவாயைக் கீழே குனியாமல் நேராகப் பின்னால் இழுத்து 5 விநாடி நிறுத்துவது, ஐந்து முறை.
- முதுகுக்குப் பின்னால் கைகோத்து நெஞ்சை விரிப்பது.
- ஒரு காலை முன்னே வைத்து மடக்கி, பின்கால் தொடையின் முன்பக்கத்தை நீட்டுவது, பக்கத்துக்கு 20 விநாடி.

கழுத்தை வட்டமாகச் சுழற்றிச் சொடக்கு எடுப்பது வேண்டாம். தண்ணீர் குடியுங்கள், அதன் பலனாக இறங்கியே ஆக வேண்டியிருக்கும், அதுவும் நல்லதே.

படி 8: வீட்டில் பக்கவாட்டுப் பலம்

முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் மூன்று பயிற்சிகளைப் பரிந்துரைக்கிறார்: மல்லாந்து தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குவது, பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது), மண்டியிட்டு எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றையும் சுமார் 10 விநாடி பிடித்து, விட்டு, மீண்டும் செய்ய வேண்டும். ட்ரைக் ஓட்டுகிறவர்கள் ஒன்றைத்தான் செய்வேன் என்று அடம்பிடித்தால் பக்கவாட்டு பிளாங்கைத் தேர்ந்தெடுங்கள். வளைவில் உங்களை நிறுத்திவைப்பது அந்தத் தசைகள்தான்.

எப்போது மருத்துவர்?

வலி கைக்கோ காலுக்கோ ஓடினால், மரத்துப்போனால், பிடியோ பாதமோ பலம் இழந்தால் பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடையிடுக்கில் உணர்ச்சி குறைவது, சிறுநீர் மலத்தில் கட்டுப்பாடு போவது ஆகியவை அவசர நிலை, ஒரு இரவுகூடத் தள்ளிப்போடக் கூடாது. விழுந்த அல்லது மோதிய பிறகு வரும் கழுத்துவலியும் அப்படியே. தசை இறுக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்காதீர்கள்.