பத்தாயிரமா, இருபதாயிரமா? பவர் பேங்க் வாங்கும்போது செய்யும் தவறுகள்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு செல்போன் கடையில் போய் பவர் பேங்க் கேட்டால், வரும் முதல் கேள்வி “பத்தாயிரமா, இருபதாயிரமா?” என்பதுதான். நாமும் அதற்கு மேல் எதையும் கேட்பதில்லை. காசுக்குத் தக்கபடி பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். எங்கே எடுத்துப்போகப் போகிறோம், காலியானால் மறுபடி ஏற்ற எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்ற யோசனை வருவதே இல்லை.

முதலில் அந்த எண். 10,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் அவர், பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்ற அளவு) என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கணக்கு. செல் சுமார் 3.7 வோல்ட்டில் இயங்குகிறது, போனுக்குப் போவது 5 வோல்ட் அல்லது அதற்கும் மேல். வோல்ட்டை ஏற்றும்போதே எம்.ஏ.எச். இறங்கிவிடும். சூடாக வீணாவது தனி. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று ஒன்று போட்டிருப்பார்கள். 10,000 என்று விற்கும் பொருளில் அது பெரும்பாலும் 6,000-ஐ ஒட்டியே இருக்கும். நம் கைக்கு வருவது அவ்வளவுதான். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள போனுக்கு ஒன்றரை தடவைக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்றினாலே அது நல்ல சரக்கு. “ரெண்டு தடவை ஏறும்னு சொன்னீங்களே” என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை.

மல்லுக்கு நிற்க வேண்டிய இடம் வேறு. பஸ் ஸ்டாண்டிலும் திருவிழாக் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்கு 50,000 என்று அச்சடித்து விற்கிறார்களே, அது பச்சைப் பொய். 10,000 அளவுள்ள பவர் பேங்க் ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். அதே எடையில் ஐந்து மடங்கு அடங்காது. ஆனால் எடை சரியாக இருப்பதாலேயே நம்பிவிடவும் முடியாது, உள்ளே மணலை வைத்து எடை கூட்டிய போலிகளும் பிடிபட்டிருக்கின்றன. இந்தியாவில் பவர் பேங்குக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். முத்திரையோடு ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால், யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவானது என்று அங்கேயே தெரிந்துவிடும். கடைக்காரர் முன்னால் போனை எடுத்துப் பார்க்கக் கூச்சப்படத் தேவையில்லை.

இனி, ஏறக்குறைய யாரும் கேட்காத கேள்வி: அதற்குச் சார்ஜ் ஏற எவ்வளவு நேரமாகும்? வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும். அதற்கு நடந்து போகிறவர்கள் 20,000 வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். அது 74 வாட் அவர், அதாவது ஒரு வாட் வீதம் 74 மணி நேரம் தரும் மின்சாரம். வீட்டில் கிடக்கும் பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்தங்கும் மண்டபத்தில் இருப்பது ஒரே பிளக் பாயின்ட், அதைச் சுற்றிப் பத்துப் பேர். விடிவதற்குள் பாதிகூட ஏறாது. பவர் பேங்கின் ‘இன்புட்’, அதாவது அதற்குள் மின்சாரம் ஏறும் வேகம், 18 வாட்டாவது இருக்கிறதா என்று பாருங்கள், அதே அளவு தரும் சார்ஜரையும் கையோடு எடுத்துப் போங்கள். பெட்டிக்குள் சார்ஜர் வராது, ஒரு சாண் வயர்தான் வரும். நாலு பேர் சேர்ந்து போவதென்றால் ஒரு 20,000-க்குப் பதிலாக இரண்டு 10,000 வாங்குவதே என் கட்சி. சுமை பிரியும், இரண்டு இடத்தில் செருகலாம், ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும்.

போன் 80 வாட்டில் ஏறும் என்பதால் பவர் பேங்கிலும் அதே வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். அந்த வேகம் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்தச் சார்ஜரில் மட்டுந்தான்.

முதுகில் சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க் நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது என்று தோன்றும். உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலில் தருவதே ஒரு வாட் சொச்சம். 10,000 நிரம்ப 37 வாட் அவர் வேண்டும். நாள் முழுக்கக் காய வைத்தாலும் ஒரு வாரம் போய்விடும். அதைவிட மோசம், லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சூடேற விட்டுச் சார்ஜ் ஏற்றக் கூடாது. சித்திரை வெயிலில் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது. காரின் டேஷ்போர்டில், பைக் டேங்க் கவரில் வைப்பதற்கும் இதே பதில். உழவன் எக்ஸ்பிரஸில் தலையணைக்கு அடியில் போனையும் பவர் பேங்கையும் சொருகிக்கொண்டு தூங்குவதும் வேண்டாம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ பறப்பவர்கள் பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட் அவர் வரை தனி அனுமதி தேவையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் அறவே கூடாது. அந்த 50,000 போலியை இங்கே நினைத்துப் பாருங்கள்: அச்சிட்ட கணக்குப்படி அது 185 வாட் அவர். உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் எழுதியிருப்பதைப் பார்த்தே பிடுங்கிக்கொள்வார்கள். எழுத்து அழிந்துபோன பழையதும் சோதனையில் மாட்டும். ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் போடவே கூடாது. வேறு நிறுவனங்களும் இப்படி விதி போட்டிருக்கின்றன. டிக்கெட் போடும்போதே படித்துவிடுங்கள்.

டெல்டாவில் பவர் பேங்கின் வேலை பயணத்தோடு முடிவதில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பயணம் முடிந்ததும் காலியாகவே அலமாரியில் போட்டு வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் எடுக்கும்போது செல் செத்திருக்கலாம். பாதிக்குச் சற்று மேல் ஏற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, புயல் எச்சரிக்கை வந்ததும் முழுதாக ஏற்றுங்கள். உப்பியிருந்தால் அழுத்திப் பார்க்காமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஊரில் அப்பா, அம்மா பட்டன் போன் வைத்திருந்தால் இன்னொன்றும் உண்டு. அந்தப் போன் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், ஒன்றும் செருகவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் சற்று நேரத்தில் தானாக அணைந்துவிடும். ‘லோ கரண்ட் மோட்’ இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அந்தப் போனையும் அதன் பழைய சார்ஜ் வயரையும் கடைக்கே எடுத்துப்போய், கால் மணி நேரம் செருகி வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.