லயத்துக்குப் படிவத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆய்வு, திட்டம் என்று கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு வரும் இளம் பிள்ளைகளை லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கூட்டிப்போவது என் வேலை. அந்தக் காலத்தில் நாங்கள் செய்த பிழைகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். மரியாதையாகப் பேசுங்கள், செருப்பைக் கழற்றுங்கள் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேசுவது தமிழ்தானே, புரிந்துவிடும் என்று நினைப்பதில்தான் வினை.

பகலில் போவது

லயத்தில் வயதானவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்து, பிள்ளைமடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) விட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தாய்மார் வீடு சேர அந்தியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

பூர்வீகம் கேட்பது

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். குடிநீர்க் குழாய் போட வீட்டுக் கணக்கெடுப்பு. படிவத்தில் மூன்றாவது கேள்வி, ‘குடும்பத்தின் பூர்வீக ஊர்’. கடைசியில் கையெழுத்து. கேட்டவர்களுக்கு அது நிரப்ப வேண்டிய ஒரு கட்டம், அவ்வளவுதான். நாலாவது வீட்டில் ஒரு பாட்டி பதில் சொல்லாமல் உள்ளே போய், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த பிரஜாவுரிமைச் சான்றிதழை எடுத்துவந்து நீட்டினார். “ஏன் தம்பி, இது இனிமே செல்லாதுங்களா?” தம்பி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த லயத்தில் பாதிக் கதவுகள் சாத்திக்கொண்டன.

பாட்டி கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் பதிவு மூலம் குடியுரிமை பெற இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை வருடம் தொடர்ந்து இங்கேதான் இருந்தோம் என்று கடதாசியில் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடி. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். இதில் எதையும் இந்த மக்களைக் கேட்டுச் செய்யவில்லை. அண்ணன் நீலகிரிக்குப் போக, தம்பி மஸ்கெலியாவிலேயே நின்ற குடும்பங்கள் உண்டு. 1988, 2003 சட்டங்களுக்குப் பிறகுதான் இந்தப் பிரச்சினை ஓரளவு ஓய்ந்தது. அப்படிப்பட்ட வாசலில் நின்று, கையில் பேனாவோடு, ‘சொந்த ஊர் எது?’ என்றால்?

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அந்தக் கேள்வியால்கூட இல்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பூர்வீகம் எதற்கு? வேறு எங்கோ பயன்பட்ட படிவத்தை அப்படியே பிரதி எடுத்து வந்திருக்கிறார்கள். அறிக்கையில் ‘மக்கள் போதிய ஒத்துழைப்பு வழங்கவில்லை’ என்று எழுதினார்கள். கதவு சாத்திய வீடுகள் கணக்கில் வரவில்லை, கணக்கில் வராத வீட்டுக்குக் குழாயும் வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதல் நாள் வெறுங்கையோடு போங்கள். தோட்டத் தலைவரோடு மாத்திரம் பேசிவிட்டுத் திரும்பாமல், பெண்களிடமும் பேசுங்கள். அடுத்த முறை படிவம் கொண்டுபோகும்போது, தேவையில்லாத கேள்விகளை வெட்டிவிடுங்கள். தாள் யார் கைக்குப் போகும் என்று சொல்லி, ஒரு பிரதியை வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். கையெழுத்து அவசியமா என்று மேலே கேளுங்கள். பெரும்பாலும் அவசியமில்லை.

தேத்தண்ணி வேண்டாம் என்பது

குடியுங்கள்.

இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கடன் விசாரிப்பது

10க்கு 12 அடிக் காம்பரா, ஒரே கூரை, தும்மினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அடகு, கடன், குடி பற்றி அங்கே கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க’ என்றுதான் பதில் வரும். அதை எழுதிக்கொண்டு வந்து ‘கடனற்ற குடும்பங்கள்’ என்று அட்டவணை போட்டவர்களும் இருக்கிறார்கள். அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு வந்த பிறகு வருமானக் கேள்விக்கும் இதே கதிதான்.

மாசி மாதத்தில் இரவுக் கூட்டம்

அப்போது இரவில் காமன் கூத்து, தோட்டத்து மக்கள் ஆடும் கூத்து. யாரும் வரமாட்டார்கள்.

படம் எடுப்பது

கேட்டு எடுங்கள். கூடையை மாட்டிக்கொண்டு சிரிக்கச் சொல்லாதீர்கள். அந்த அம்மாவுக்கு அன்றைக்கு லீவு.