மெனு டேப்ல தமிழ் வைக்கறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

சைட்டோட தலையில வரிசையா இருக்குமே, முகப்பு, செய்திகள், படங்கள், தொடர்புக்குன்னு, அந்த டேப்புங்களுக்கு வேலை ரெண்டே ரெண்டு தான். அமுக்கினா எங்க போகும்னு சொல்லணும், இப்ப எந்தப் பக்கத்துல இருக்கோம்னு காட்டணும். பாதி தமிழ் சைட்ல ரெண்டுமே உருப்படியா நடக்கறதில்ல, ஏன்னா டெம்ப்ளேட் இங்கிலீஷுக்குன்னு செஞ்சது, அதுல தமிழ பேஸ்ட் பண்ணிட்டு அப்படியே லைவ் விட்டுடறாங்க.

மொத தப்பு உயரம். டேப்புக்கு ஹைட் 30 பிக்சல், லைன் ஹைட் (எழுத்து சைஸுக்கு எத்தன மடங்கு வரி உயரம்ங்கறது) 1, ஓவர்ஃப்ளோ ஹிடன் (பெட்டிக்கு வெளிய போறத மறைக்கறது)னு கட்டி வச்சிருப்பாங்க. இங்கிலீஷ் அதுல சமத்தா உக்காந்துக்கும். தமிழுக்கு மேல புள்ளி, சுழி இருக்கு, கீழ பு, சு மாதிரி எழுத்துக்குக் கால் எறங்குது, ரெண்டு பக்கமும் எடம் வேணும். மேல கொஞ்சம் வெட்டுப்பட்டா போதும், "படங்கள்" வந்து "படஙகள" ஆயிடும், தி எது தீ எதுன்னு தெரியாது, செஞ்சவங்க பெரிய மானிட்டர்ல அவங்க ஃபான்ட்ல பாத்துட்டு நல்லாத்தானே இருக்குன்னு சொல்லுவாங்க, பாக்கறவங்க போன்ல வேற ஃபான்ட் இருக்கும்ல. அதனால ஹைட்ட ஃபிக்ஸ் பண்ணாதீங்க, மேலயும் கீழயும் பேடிங் (எழுத்துக்கும் பெட்டி ஓரத்துக்கும் நடுவுல காலி எடம்) குடுங்க, மினிமம் ஹைட் வேணா வைங்க, லைன் ஹைட் 1.5-க்கு கொறையாம பாத்துக்குங்க. டபிள்யூசிஏஜி-லயே (வெப் பக்கம் எல்லாருக்கும் பயன்படற மாதிரி இருக்கணும்னு போட்ட விதிமுறை அது) யூசர் லைன் ஹைட்ட 1.5 ஆக்கினாலும் எதுவும் வெட்டுப்படக்கூடாதுன்னு இருக்கு.

அகலமும் இதே கதை தான். "ஹோம்"னு நாலு லெட்டருக்கு அளந்த பெட்டியில "தொடர்புகொள்ள"வ திணிச்சா முடிவுல மூணு புள்ளி வந்து நிக்கும், "தொடர்…"னு. என்ன தொடர், சீரியலா? ஃபான்ட்ட 11 பிக்சலுக்கு சுருக்கறதும் தீர்வு இல்ல, ண, ஞ, இ-க்கு உள்ள இருக்கற சுழி எல்லாம் அடைஞ்சு ஒரே கறுப்பாயிடும், தமிழுக்கு 16 வச்சா தான் வயசானவங்க கண்ணாடிய தேடாம படிப்பாங்க. அதுக்குப் பதிலா பேர சின்னதாக்குங்க, டேப்போட எண்ணிக்கைய கொறைங்க, "தொடர்புக்கு" போதும். அதுக்காக "மேலும்", "பிற"ன்னு மட்டும் வச்சிடாதீங்க, அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஜோசியம் பாத்தா தெரியும். அப்புறம் இந்த லெட்டர் ஸ்பேசிங்! இங்கிலீஷ்ல கேப்பிட்டல் லெட்டருக்கு 2 பிக்சல் தள்ளி வச்சா ஸ்டைலா இருக்கும், தமிழ்ல வார்த்தையே பிரிஞ்சு பிரிஞ்சு நிக்கும், எடுத்துடுங்க.

கலர் விஷயத்துக்கு வருவோம். வெள்ளையில வெளிர் சாம்பல் எழுத்து டிசைனருங்களுக்கு ஏன் இவ்ளோ புடிக்குதுன்னு தெரியல. சாதாரண சைஸ் எழுத்துக்கு பேக்ரவுண்டோட கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், 4.5-க்கு 1 இருக்கணும். வெள்ளை மேல #999999-ங்கற சாம்பல் கலர் வச்சா 2.85 தான் வரும், வெயில்ல பஸ் ஸ்டாப்ல நின்னு போன பாக்கறவங்களுக்கு அங்க மெனு இருக்கறதே தெரியாது. #777777 கூட 4.48 தான், மயிரிழையில ஃபெயில், #767676 வச்சா 4.54, பாஸ்.

எனக்கு இதுல ரொம்ப கடுப்பேத்தறது என்னன்னா, இப்ப நிக்கற டேப்ப கலர் மாத்தி மட்டும் காட்டறது. மத்ததெல்லாம் பச்சை, இது மட்டும் சிவப்பு, அவ்ளோ தான் வித்தியாசம். சிவப்பு பச்சை பிரிச்சு பாக்க முடியாதவங்களுக்கு எல்லாம் ஒண்ணு தான். சரின்னு பேக்ரவுண்ட மாத்தினா விண்டோஸ்ல ஹை கான்ட்ராஸ்ட் (சைட்டோட கலர தள்ளிட்டு நல்லா எடுப்பா தெரியற கலர மட்டும் காட்டற மோட்) போட்டு வச்சிருக்கறவங்களுக்கு அந்த பேக்ரவுண்டே போயிடும், பாக்ஸ் ஷேடோ வச்சு கோடு போட்டாலும் அதுவும் போயிடும். போல்ட் மட்டும் பண்ணா அகலம் மாறி பக்கத்து டேப்பெல்லாம் குதிக்கும். நேரா பார்டர் பாட்டம்ல 3 பிக்சல் கோடு போடுங்க, அது எந்த மோட்லயும் நிக்கும். மத்த டேப்புக்கும் அதே 3 பிக்சல் டிரான்ஸ்பரன்ட்டா குடுத்துடுங்க, இல்லனா அதுவும் குதிக்கும். ஆனா ஒண்ணு, அந்த டிரான்ஸ்பரன்ட் பார்டர் ஹை கான்ட்ராஸ்ட்ல நிஜக் கோடா தெரிய ஆரம்பிச்சிடும், அதனால ஃபோர்ஸ்டு கலர்ஸ் மீடியா குவெரி (அந்த மோட்ல இருக்கறவங்களுக்கு மட்டும் வேலை செய்யற சிஎஸ்எஸ்) போட்டு, அங்க மட்டும் மத்த டேப்போட கோட்ட பேக்ரவுண்ட் கலருக்கு, அதாவது கேன்வாஸுக்கு மாத்தி விடுங்க.

கண்ணு தெரியாதவங்களுக்கு அந்தக் கோடும் தெரியாது, அவங்களுக்கு அந்த லிங்க்ல ஏரியா கரன்ட் பேஜ்னு (aria-current="page") ஒரு அட்ரிப்யூட் சேக்கணும், ஸ்கிரீன் ரீடர் (திரையில இருக்கறத குரல்ல படிச்சுக் காட்டற சாஃப்ட்வேர்) இது தான் இப்ப இருக்கற பக்கம்னு சொல்லிடும். இதுக்குப் பதிலா ரோல் டேப்னு போடறவங்க நிறைய பேரு, பாக்க டேப் மாதிரி இருக்குல்லன்னு. அது ஒரே பக்கத்துக்குள்ள பேனல் மாத்தறதுக்கு. அப்படி போட்டா ஸ்கிரீன் ரீடர் "டேப், அஞ்சுல ஒண்ணு"ன்னு சொல்லும், கேக்கறவங்க ஏரோ கீய அமுக்குவாங்க, ஒண்ணும் நடக்காது. வேற பக்கத்துக்கு போற மெனுன்னா நேவ், உள்ள லிஸ்ட், உள்ள சாதா லிங்க், முடிஞ்சுது.

ஹெச்டிஎம்எல் மொத வரியில லேங் இகுவல் ஈஎன்னு (lang="en", பக்கம் இங்கிலீஷ்ல இருக்குன்னு அர்த்தம்) டெம்ப்ளேட்ல வந்தது அப்படியே கிடக்கும், அத டிஏ (ta, தமிழ்) ஆக்குங்க, இல்லனா ஸ்கிரீன் ரீடர் தமிழ இங்கிலீஷ் குரல்ல படிக்கப் பாத்து சொதப்பும், இல்ல தாண்டிப் போயிடும். இன்னும் சில பழைய சைட்ல பாமினி ஃபான்ட் (யூனிகோடுக்கு முந்தின, இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் வடிவம் குடுக்கற ஃபான்ட்) ஓடுது. அதுல திரையில "தமிழ்"னு தெரியற எடத்துல உள்ள இருக்கறது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். ஸ்கிரீன் ரீடர் அத தான் படிக்கும், சர்ச் இன்ஜினும் அத தான் பாக்கும், யூனிகோடுக்கு மாத்தாம மத்தத சரி பண்ணி புண்ணியமில்ல.

மவுஸ வச்சா தான் தெறக்கற சப் மெனு போன்ல செத்துப் போச்சு, விரல வச்சு ஹோவர் பண்ண முடியாது. தொடற எடம் 24-க்கு 24 பிக்சலாவது இருக்கணும்னு 2023 அக்டோபர்ல வந்த டபிள்யூசிஏஜி 2.2 சொல்லுது, நான் 44 வைக்க சொல்லுவேன். கீபோர்டுல டேப் கீ அமுக்கறப்ப வர்ற கோட்ட அசிங்கமா இருக்குன்னு அவுட்லைன் நன் போட்டு அழிக்காதீங்க, மவுஸ்ல கிளிக் பண்றப்ப வர்றது தான் உறுத்துதுன்னா ஃபோகஸ் விசிபிள்னு இருக்கு, லிங்க்குக்கு அது கீபோர்டுல வந்தா மட்டும் காட்டும்.

செக் பண்ண காசு ஒண்ணும் ஆகாது. மவுஸ ஓரமா வச்சிட்டு டேப் கீயிலயே மெனுவ சுத்துங்க. 1280 அகல விண்டோவ 400 சதவீதம் ஜூம் பண்ணுங்க, 320 பிக்சல்ல பாக்கற மாதிரி ஆயிடும், கடைசி ரெண்டு டேப் காணாம போகுதான்னு பாருங்க. அப்புறம் என்விடிஏன்னு ஒரு ஸ்கிரீன் ரீடர் எறக்குங்க, ஃப்ரீ தான், கூட வர்ற ஈஸ்பீக்ங்கற குரல் இன்ஜின்ல தமிழ் குரல் இருக்கு, கொஞ்சம் ரோபோ மாதிரி பேசும், பரவால்ல. மெனுவுல வெறும் வீடு படம், போன் படம்னு ஐகான் மட்டும் வச்சு பேரு குடுக்காம விட்டிருந்தீங்கன்னா அது வெறும் "லிங்க்"னோ, இல்ல லிங்க்கோட அட்ரஸயோ தான் சொல்லும் பாருங்க, அத மொதல்ல சரி பண்ணுங்க.