மன்றத்துக்கு வர்ற பசங்கள எப்படி நிக்க வைக்கிறது

ஊர்ல இளைஞர் மன்றம் நடத்துற யார கேட்டாலும் ஒரே புலம்பல் தான், ஆரம்பிக்கும்போது நாப்பது பேரு வந்தாங்க, இப்ப பாத்தா தலைவரும் செயலாளரும் தான் ரூமை பெருக்கிட்டு இருக்கோம்னு. இந்த காலத்து பசங்களுக்கு பொறுப்பே இல்லன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில சாப்பாட்டு பொட்டலம் தூக்கிட்டு போனதுல பெரும்பாலும் இதே வயசு பசங்க தானே, அன்னிக்கு என்ன செய்யணும்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல, கண்ணு முன்னாடியே வேலை இருந்துச்சு. நம்ம மன்றத்துல வேலை இருக்கு, ஆனா அது தலைவர் மண்டைக்குள்ள மட்டும் இருக்கு. வந்தவனுக்கு தெரியாது.

அதனால ஆள் தேடறதுக்கு முன்னாடி உக்காந்து வேலைய எழுதுங்க. "வாங்க சமூக சேவை செய்வோம்"னு கூப்பிட்டா எல்லாரும் கை தட்டுவாங்க, யாரும் வரமாட்டாங்க. "செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஆறுலேந்து ஏழரை, அஞ்சாம் கிளாஸ் பசங்க எட்டு பேரு, கணக்கு மட்டும், பொங்கல் வரைக்கும்"னு கேட்டுப் பாருங்க, முடியும் முடியாதுன்னு அங்கயே பதில் வரும். இதுல கடைசியா சொன்ன அந்த பொங்கல் வரைக்கும் தான் ரொம்ப முக்கியம். முடியற தேதி இல்லாத வேலைக்கு யாரும் துணிஞ்சு தலையாட்ட மாட்டாங்க, அப்படியே ஆட்டினாலும் நடுவுல விட்டுட்டு போறப்போ சங்கடப்பட்டு நம்ம தெருப்பக்கமே வராம போயிடுவாங்க. 2021 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வின்னு தன்னார்வலர வெச்சு பசங்களுக்கு பாடம் சொல்லிக் குடுக்கற திட்டத்த ஆரம்பிச்சப்போ கூட வாரத்துக்கு ஆறு மணி நேரம், ஒரு தன்னார்வலருக்கு இருபது பசங்க அளவுலன்னு அளந்து தான் சொன்னாங்க, மாசம் ஆயிரம் ரூபா ஊக்கத்தொகையும் குடுத்தாங்க. நம்மகிட்ட அந்த ஆயிரம் இல்ல, ஆனா அளந்து சொல்றதுக்கு காசு வேண்டாமே.

ஆள எங்க பிடிக்கிறது? ஸ்டேட்டஸ் போட்டா லைக் தான் வரும். நேர்ல போய் பேர சொல்லி கேக்கணும், "நீ நல்லா வரைவியே, நூலகத்து சுவத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை வரியா தம்பி"ன்னு. பக்கத்துல காலேஜ் இருந்தா என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலர போய் பாருங்க, அந்த பசங்களுக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம்னு ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவை கணக்கு இருக்கு, நீங்க ஒழுங்கா நேரம் குறிச்சு கையெழுத்து போட்டுக் குடுத்தா அவங்களுக்கும் லாபம் உங்களுக்கும் லாபம். போட்டோவுக்கு மட்டும் கூட்டிட்டு வந்து நிறுத்தினீங்கன்னா அடுத்த வருஷம் அந்த காலேஜ் பக்கம் தலை காட்ட முடியாது. ரிட்டயர்டு டீச்சர், ஐடிஐ படிக்கிற பையன், குழந்தைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வீட்ல இருக்கற அக்கா, இவங்களையெல்லாம் யாரும் கேக்கறதே இல்ல, கேட்டா சந்தோஷமா வருவாங்க. பொண்ணுங்க வரணும்னா மொதல்ல அவங்க வீட்டுக்கு போய் அம்மாகிட்ட பேசுங்க, எத்தன மணிக்கு முடியும், யாரு கூட திரும்பி வருவாங்கன்னு சொல்லுங்க, சொன்ன நேரத்துக்கு முடிங்க. எட்டரை மணிக்கு மேல மீட்டிங் வெச்சுட்டு பொண்ணுங்களே வர்றதில்லன்னு சொன்னா என்ன நியாயம்?

இன்னொன்னு, யாரும் வாய்விட்டு பேசமாட்டாங்க ஆனா எல்லாருக்கும் தெரியும். மன்றத்து ரூம் ஒரு தெருவுக்குள்ள இருந்தா அடுத்த தெரு பசங்க உள்ள வர தயங்குவாங்க. கிரிக்கெட் டீமே தெரு வாரியா பிரிஞ்சு தான கிடக்கு. பொது மன்றம்னு போர்டு மாட்டிட்டா மட்டும் பொதுவாயிடாது. பள்ளிக்கூட திண்ணையிலயோ நூலகத்துலயோ கூடுங்க, பொறுப்புல எல்லா தெரு ஆளும் இருக்கட்டும், டீ டம்ளர் உட்பட எல்லாம் ஒண்ணா இருக்கட்டும். கட்சிக் கரை வேட்டிய வீட்லயே விட்டுட்டு வரச் சொல்லுங்க.

புதுசா வந்தவனோட மொத நாள கவனிச்சிருக்கீங்களா? வாசல் ஓரமா நிப்பான், போன நோண்டுவான், பழைய ஆளுங்க அவங்களுக்குள்ள சிரிச்சு பேசிட்டு இருப்பாங்க, பத்து நிமிஷத்துல "ஒரு போன் வருது"ன்னு வெளிய போவான், அவ்ளோ தான், திரும்ப வரமாட்டான். இத தடுக்க பெரிய டிரெய்னிங் எதுவும் வேணாம். வர்றதுக்கு முன்னாடியே அவனுக்குன்னு ஒரு அண்ணனையோ அக்காவையோ சொல்லி வைங்க. சாவி யார்கிட்ட இருக்கும், வருகை நோட்டு எங்க, கரண்ட் போனா என்ன பண்றது, ஒரு குழந்தைக்கு அடிபட்டா மொதல்ல யாருக்கு போன் அடிக்கணும், இத அவங்க சுத்திக் காட்டட்டும். மொத ரெண்டு வாரம் கூட உக்காந்து பாக்கட்டும், உடனே இருபது பசங்கள தலையில கட்டாதீங்க.

குழந்தைங்க சம்பந்தப்பட்ட வேலைன்னா சில விஷயத்துல தயவு தாட்சண்யமே கூடாது. மூடின ரூம்ல ஒரு குழந்தையோட ஒரு பெரியவங்க தனியா இருக்கக்கூடாது, பசங்க போட்டோவ சொந்த ஸ்டேட்டஸ்ல போடக்கூடாது, எதாவது தப்பா பட்டா யாருகிட்ட சொல்லணும்னு எல்லாருக்கும் தெரியணும், குழந்தைகள் உதவி எண் 1098 சுவத்துல பெருசா எழுதியிருக்கணும். போக்சோ, அதாவது குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டப்படி, அந்த மாதிரி தப்பு நடந்தது தெரிஞ்சும் மறைச்சா அதுவே குற்றம், ஊர் பெரியவங்க பேசி முடிச்சுக்கலாம்னு சொன்னாலும் கேக்காதீங்க. இந்த விதி தலைவரோட மச்சானுக்கும் உண்டு, அவர் மூஞ்சி சுளிச்சாலும் பரவாயில்ல.

காசு. தன்னார்வலர்னா கைக்காசும் சேத்து போடணும்னு நாம ஏன் நினைக்கிறோம்னு எனக்கு புரியல. ஜெராக்ஸ் நாப்பது ரூபா, பஸ்ஸுக்கு இருபது, சாக்பீஸ், பெட்ரோல்னு காலேஜ் பையன் மாசம் நானூறு ஐநூறு விட்டிருப்பான், வாய் திறந்து கேக்கவே மாட்டான், ஒருநாள் வேலை இருக்குண்ணேன்னு நின்னுடுவான். ஒரு டப்பால ஐநூறு ரூபா சில்லறையா போட்டு பக்கத்துல ஒரு நோட்டு வைங்க, எடுத்தவங்க தேதி, தொகை, எதுக்குன்னு எழுதட்டும், மாசக் கடைசியில எல்லார் முன்னாடியும் படிச்சிருங்க. கணக்கு வெளிப்படையா இருந்தா பாதி சண்டை வராது.

வாட்ஸ்அப் குரூப்ப பத்தி சொல்லணும்னா ரெண்டா பிரிங்க. ஒண்ணுல அட்மின் மட்டும் போடலாம், வேலை விஷயம் மட்டும்: "சனிக்கிழமை காலை 9, பள்ளிக்கூட கிரவுண்டு, கோடு போட 4 பேர் வேணும், சுண்ணாம்பு வாங்கியாச்சு, டிபன் உண்டு, 11க்கு முடிஞ்சிடும், வர்றவங்க பேர் சொல்லுங்க" இந்த மாதிரி. குட்மார்னிங் பூ படமெல்லாம் இன்னொன்னுல ஓடட்டும். வராதவங்கள குரூப்ல வெச்சு திட்டாதீங்க, தனியா போன் அடிச்சு "என்னப்பா, உடம்பு நல்லாருக்கா"ன்னு கேளுங்க, பாதி நேரம் வீட்ல எதாவது கஷ்டமா இருக்கும், இல்லன்னா அரியர் பயம். செமஸ்டர் நேரமான நவம்பர் டிசம்பர்லயும் ஏப்ரல் மேலயும் காலேஜ் பசங்கள தொந்தரவு பண்ணாம நீங்களே லீவு குடுத்துடுங்க, அந்த மாசங்கள மத்தவங்கள வெச்சு ஓட்டற மாதிரி முன்னாடியே பிளான் போடுங்க.

ரத்ததான முகாம் நடத்துனா 18 வயசு ஆகாதவங்க, 45 கிலோவுக்கு கம்மியா இருக்கறவங்க குடுக்க முடியாது, அவங்கள சும்மா நிக்க விடாம பேர் பதிய, ஜூஸ் குடுக்க, படுக்கைலேந்து எழுந்தவங்க பக்கத்துல இருந்து பாத்துக்கன்னு வேலை பிரிச்சுடுங்க.

அப்புறம் இந்த பிளெக்ஸ். சாக்கடை அள்ளுனவன் படம் ஸ்டாம்ப் சைஸ்ல கீழ, நூறு ரூபா நன்கொடை குடுத்தவர் படம் ஆளுயரத்துக்கு நடுவுல. இது ஒண்ணு போதும், நாலு நல்ல பசங்க ஒரே நாள்ல கழண்டுக்குவாங்க. பிளெக்ஸே வேணாம்ங்கறது என் கட்சி. அதுக்கு பதிலா சான்றிதழ் குடுங்க, "சிறப்பாக பணியாற்றினார்"னு மொட்டையா இல்லாம என்ன வேலை, எத்தன மாசம், எத்தன மணி நேரம்னு எழுதி, அது இன்டர்வியூல காட்ட உதவும். மன்றத்த பதிவு பண்ணியிருந்தா பதிவு எண்ணும் போடுங்க (1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பண்றதுக்கு ஏழு பேரு போதும்). அதவிட பெரிய மரியாதை என்னன்னா முடிவ அவங்க கையில விடறது தான், விளையாட்டு விழாவுக்கு இவ்ளோ பட்ஜெட், நீயே நடத்துன்னு இருபது வயசு பொண்ணுகிட்ட குடுங்க, நடுவுல மூக்க நுழைக்காதீங்க.

எவ்ளோ பண்ணாலும் சிலர் போவாங்க, வேலை கிடைச்சு பெங்களூரு போவாங்க, கல்யாணமாகி போவாங்க. போறப்போ ஒரு டீ வாங்கிக் குடுத்து இங்க எது எரிச்சலா இருந்துச்சுன்னு கேளுங்க, போற ஆளு தான் உண்மைய சொல்லுவாங்க. குரூப்லேந்து அவங்க நம்பர தூக்காதீங்க, ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி போன் பண்ணா பாதி பேரு லீவு போட்டுட்டு வந்து சேர் இறக்குவாங்க.