வெள்ளம் வடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது

2018 டிசம்பரில் இலங்கையின் வடக்கே இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடானது பலருக்கு நினைவிருக்கும். அப்படியொரு அலைச்சலுக்குப் பிறகு வகுப்புக்கு வரும் தரம் 1, 2 பிள்ளைகளிடம் "பயந்துபோனியோ?" என்று துருவ வேண்டாம். வெறும் தாளும் கலர்ப் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். கூரை மட்டும் தெரியும் வீட்டையோ, வெள்ளத்தோடு போன ஆட்டுக்குட்டியையோ கீறிவிட்டு, பிள்ளை தானாகவே கதை சொல்லத் தொடங்கும். திருத்தாமல் கேளுங்கள்.

மற்றபடி மணி, தேவாரம், இடைவேளை எல்லாம் வழமையான நேரத்துக்கே நடக்கட்டும். அடுத்து என்ன என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். (கொப்பி நனைந்த பிள்ளையிடம் போய் வீட்டுவேலை கேட்காதீர்கள், பாவம்!) நித்திரையில் அலறுவது ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுவர் உதவிக்கு 1929, அழைப்பு இலவசம்.