மரக்கடைக்குப் போகும் முன் தராசை எடுங்கள்: எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மரமும் பிக்கப்பும்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தம்பி மதுரையில் என் பட்டறைக்கு வந்தான். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறவன். போனில் ஒரு படத்தைக் காட்டினான். 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் பீட்டில்ஸ் மொட்டை மாடியில் வாசித்தபோது ஜார்ஜ் ஹாரிசன் தோளில் தொங்கிய டெலிகாஸ்டர், ஃபெண்டர் நிறுவனத்தின் கிட்டார், முழுக்க ரோஸ்வுட், அதாவது ஈட்டி வகை மரம். "இதே மாதிரி நம்ம ஈட்டி மரத்துல வேணும்ணே."

மரத்தின் பெயரோடு வருகிறவர்கள் எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எங்கே வாசிக்கிறீர்கள், எத்தனை நேரம்? அவன் சொன்னான்: ஞாயிறு காலை இரண்டு ஆராதனை, மொத்தம் மூன்று மணி நேரம், நின்றபடியே. பிறகு கொஞ்சம் தயங்கி, "ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஜெபம் நடக்கும்போது என் ஆம்ப் மட்டும் உறுமிக்கிட்டே இருக்குண்ணே. பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கே கேக்குது" என்றான். அவனுடைய கிட்டார் எப்படி இருக்க வேண்டும் என்பது இந்த இரண்டு பதிலிலேயே முடிவாகிவிட்டது. உங்களுடையதும் அப்படித்தான் முடிவாக வேண்டும்.

எடையிலிருந்து தொடங்குங்கள். ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர்) அல்லது டெலி (டெலிகாஸ்டர்) வடிவ உடம்பு ஒன்று சுமார் 4 லிட்டர் கன அளவு வரும். மரத்தின் அடர்த்தி தெரிந்தால் நான்கால் பெருக்கிப் பார்க்கலாம். ஈட்டி ஒரு லிட்டருக்குச் சுமார் 850 கிராம். உடம்பு மட்டுமே 3.4 கிலோ. நெக் (கழுத்து), பிரிட்ஜ் (உடம்பின் மேல் தந்திகளைத் தாங்கும் பாலம்), பிக்கப் எல்லாம் சேர்ந்தால் 5 கிலோவைத் தொடும். மூன்று மணி நேரம் தோளில் தாங்க முடியாது. தேக்கு 650 என்று வைத்தால் 2.6 கிலோ. பலா 600 வாக்கில். சந்தன வேம்பு 480 பக்கம் நிற்கும், அதாவது உடம்பு 2 கிலோவுக்குள். அமெரிக்காக்காரர்களின் ஆல்டரும் இதே ரகம்தான், 450. கடையில் அடர்த்தி சொல்ல மாட்டார்கள், அதனால் நான் தொங்கு தராசு கொண்டுபோகிறேன். 50 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 4.5 கனமுள்ள பலகை எவ்வளவு நிறுக்கிறதோ, அறுத்துக் குடைந்த பிறகு அதில் ஏறக்குறைய பாதி மிஞ்சும். இந்தத் தம்பி மாதிரி மணிக்கணக்கில் நின்று வாசிக்கிறவருக்கு என்றால், நாலு கிலோவுக்கு மேல் நிறுத்தால் வேறு பலகையைப் பாருங்கள்.

சத்தம்? உடம்பு மரத்துக்குச் சத்தத்தில் பங்கு உண்டு, ஆனால் சிறியது. பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும். மேலே இரும்புத் தந்தி அசையும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. தந்தி எப்படி அசைகிறது, எவ்வளவு நேரம் அசைகிறது என்பதில் மரம் கொஞ்சம் கை வைக்கும், அவ்வளவுதான். ஃபெண்டர் 1950இல் ஆஷ் மரத்தில் தொடங்கி, 1956 வாக்கில் ஸ்ட்ராட்டைப் பெரும்பாலும் ஆல்டருக்கு மாற்றியது. ஆஷின் திறந்த துளைகளை அடைத்துத்தான் வர்ணம் அடிக்க வேண்டும். ஆல்டருக்கு அந்த வேலை இல்லை. இன்று அந்த இரண்டு மரத்தின் சத்தத்தைப் பற்றிப் பெரிய விவாதம் நடக்கிறது. நான் உடம்பு மரத்தை எடைக்கும், திருகு பிடிக்கும் உறுதிக்கும், ரேகையின் அழகுக்கும் எடுக்கிறேன்.

நம் ஊரில் கிடைக்கிறவற்றில் எனக்கு முதல் தேர்வு சந்தன வேம்பு. மகோகனிக் குடும்பம், சிவப்பு நிறம், இழைக்கும்போதே வாசம் வரும், லேசு. அடுத்தது பலா. தஞ்சாவூரில் வீணைக்குக் காலம் காலமாகக் குடைகிற மரம். மஞ்சளாக இருந்து வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும், அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். தோட்டத்தில் வளர்ந்த இளம் மகோகனியில் வெள்ளைப் பகுதி அதிகம். வைரம் பாய்ந்த பகுதி மட்டும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மலை வேம்பு ரொம்ப மெத்து, பிரிட்ஜ் திருகுகள் நாளடைவில் தளரும். ஈட்டியை ஃப்ரெட்போர்டுக்கு (நெக்கின் மேல் விரல் அழுத்துகிற பலகை) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அதைவிட நல்ல மரம் இல்லை. ரசீது இல்லாமல் வாங்காதீர்கள், வெட்டுவதற்கே கட்டுப்பாடு உள்ள மரம். 2017இல் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சேர்ந்தபோது கிட்டாரை வெளிநாடு அனுப்புகிறவர்கள் தவித்துப்போனார்கள். 2019 கடைசியில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது.

நெக்கில்தான் நீங்கள் நேரமும் காசும் செலவழிக்க வேண்டும். என் முதல் கிட்டாருக்கு ஒரு கடையில் "நல்லா காஞ்ச தேக்கு" என்று கொடுத்த பலகையை நம்பி நெக் செதுக்கினேன். ஐப்பசி மழையில் அது முறுக்கிக்கொண்டது. நெக்கின் நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் தடித்த தந்திப் பக்கம் ஒரு தளத்தில், மெல்லிய தந்திப் பக்கம் இன்னொரு தளத்தில். ட்ரஸ் ராட், அதாவது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி, வளைவைத்தான் சரிசெய்யும், முறுக்கை ஒன்றும் செய்யாது. இரண்டு மாத வேலை போயிற்று.

அன்று அப்பா அந்த நெக்கை வாங்கி, முனையை இழைப்புளியால் ஒரு இழுப்பு இழைத்து, எச்சில் தொட்ட கட்டை விரலால் தேய்த்துக் காட்டினார். ஈரம் பட்டதும் வளைய வரிகள் பளிச்சென்று தெரிந்தன, எல்லாம் கிடையாகப் படுத்திருந்தன. "படுத்த ரேகை புரளும்டா. நின்ன ரேகைதான் நிக்கும்." அதற்குப் பிறகு முனை பார்க்காமல் நான் ஒரு துண்டுகூட வாங்கியதில்லை. வரிகள் ஃப்ரெட்போர்டு ஒட்டுகிற முகத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். அப்படிப் பலகை கிடைக்காவிட்டால், இருக்கிறதை மூன்று பட்டையாக அறுத்து, ஒவ்வொன்றையும் குத்தாக நிமிர்த்தி, நடுப்பட்டையைத் தலைமாற்றி ஒட்டுங்கள். ஒன்று ஒரு பக்கம் இழுத்தால் இன்னொன்று மறுபக்கம் பிடித்துக்கொள்ளும்.

காய்ந்ததா என்று கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசு போதும். துண்டை எடைபோட்டு, தேதியையும் எடையையும் மரத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். ஒரு மாதம் எடை அசையாமல் நின்றால் கை வைக்கலாம்.

இறக்குமதி மேப்பிள் நெக்குக்குப் பிரமாதம், விலைதான் இடிக்கும். நான் காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் விற்கிற இடங்களில் பர்மா தேக்கு உத்திரத் துண்டுகளை வாங்குகிறேன். பல பத்தாண்டு வீட்டுக்குள் நின்று காய்ந்தது. ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி முடித்துவிட்டது. இரண்டு எச்சரிக்கை. உள்ளே ஆணி இருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக நகர்த்துங்கள், ஆணி இருக்கிற இடத்தில் சட்டென்று இழுக்கும். தேக்கில் எண்ணெய் உண்டு; ஒட்டும் முகத்தைப் புதிதாக இழைத்து, அசிட்டோனால் துடைத்து, காய்ந்த உடனே பசை போடுங்கள். மறுநாள் என்று தள்ளினால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

இனி பிக்கப். தம்பியின் பழைய கிட்டாரில் இருந்தது சிங்கிள் காயில். காந்தத்தைச் சுற்றி ஒரே சுருள். அது தந்தியைக் கேட்பதோடு சுற்றியுள்ள கரண்டையும் கேட்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹாலில் பழைய சோக் வைத்த டியூப் லைட் வரிசையும் ஃபேன் ரெகுலேட்டர்களும் இருந்தால் உறுமல் நிச்சயம். இந்தத் தொல்லைக்குத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டார். இரண்டு சுருள், ஒன்றின் சுற்றும் காந்த முனையும் மற்றதற்கு எதிர். தந்தியின் சத்தம் இரண்டிலும் கூடும், உறுமல் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டு சுருளும் தந்தியின் இரண்டு இடத்தைக் கேட்பதால் மேல் ஸ்தாயி கொஞ்சம் குறைந்து, குரல் தடிக்கும்.

கடையில் ஓம் (சுருளின் மின்தடை) கணக்கைக் காட்டி, "இது 16 கிலோ ஓம், பவர் அதிகம்" என்பார்கள். அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 42 கேஜ் கம்பிக்குப் பதில் இன்னும் மெல்லிய 43 அல்லது 44 கேஜில் சுற்றினால், அதே சுற்றுக்கே ஓம் ஏறிவிடும். உண்மையிலேயே சுற்று கூடினால் சத்தம் கூடும், கூடவே மேல் ஸ்தாயி மங்கும். பாட்டுக்குப் பின்னால் கார்டு தெளிவாக விழ வேண்டியவருக்கு அது ஆகாது. தம்பிக்கு நான் எடுத்தது நெக் பக்கம் ஆல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) 2 காந்தத்தில் 7.5 கிலோ ஓம், பிரிட்ஜ் பக்கம் ஆல்நிகோ 5இல் 8.3, இரண்டும் 42 கேஜ். பிரிட்ஜ் அருகே தந்தி குறைவாகவே ஆடும், அதனால் அங்கே கொஞ்சம் பலமானதை வைக்க வேண்டும். ஆல்நிகோ 2 மென்மையாகப் பேசும், 5 முன்னால் வந்து நிற்கும். கனமான டிஸ்டார்ஷன் வாசிக்கிறவர் செராமிக் காந்தத்தின் பக்கம் போகலாம்.

நான்கு வயர் வெளிவருகிற பிக்கப்பாகக் கேளுங்கள். டோன் குமிழை மேலே இழுத்தால் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும்படி அமைக்கலாம். சிங்கிள் காயிலின் கண்ணாடி போன்ற குரல் வேண்டிய பாட்டுக்கு இழுத்துக்கொள்வான், ஜெபத்தின்போது அமுக்கிவிடுவான். பிரிட்ஜில் தந்தி இடைவெளி எவ்வளவு என்று அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். போல்-பீஸ் (பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் நிற்கும் முனை) வரிசை, முதலிலிருந்து கடைசி வரை, 50 மில்லிமீட்டரிலும் உண்டு, 53இலும் உண்டு. மாறினால் ஓரத் தந்திகள் காந்தத்தை விட்டு வெளியே போகும். ஹம்பக்கருக்கு 500கே பொட் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கும் மாறும் மின்தடை), 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். சிங்கிள் காயில் மட்டும் என்றால் 250கே. உறுமலைத் தடுக்க, பிக்கப்பும் வயர்களும் உட்காரும் குழிக்குள் செம்புத் தாள் ஒட்டி, துண்டுக்குத் துண்டு ஒட்டுமிடத்தில் சால்டர் வைத்து, மல்டிமீட்டரால் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள்; எங்காவது விட்டுப்போயிருந்தால் தாள் ஒட்டியதே வீண்.

கடைசி வேலை உயரம். தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, தந்தியின் அடியிலிருந்து பிக்கப்புக்கு இடைவெளி பாருங்கள். தடித்த தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.5. அங்கிருந்து அரைத் திருப்பு, அரைத் திருப்பாகக் காதால் கேட்டு மாற்றுங்கள். ஆல்நிகோ 5 சிங்கிள் காயிலை ரொம்ப மேலே ஏற்றினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும், சுதியே அலையும்.

தம்பியின் கிட்டார் சந்தன வேம்பு உடம்பு, காரைக்குடித் தேக்கில் மூன்று பட்டை நெக், அவன் ஆசைக்கு ஈட்டி ஃப்ரெட்போர்டு. மொத்தம் 3.3 கிலோ. ஐப்பசி மழை முடிந்து எடுத்து வந்தான். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பார்த்தேன். 0.2 மில்லிமீட்டரில் விட்டது 0.35க்குப் போயிருந்தது. ட்ரஸ் ராடைக் கால் திருப்பு திருப்பியதும் பழைய இடத்துக்கே வந்தது. முறுக்கு துளியும் இல்லை.